வலது கையும் இடது கையும் பேசிக்கொள்வது எப்படி?



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் போகிறவர்கள், வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குக் கைத்தையல் போடும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். கம்பெனியிலிருந்து வெட்டி வரும் தோல் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தித் தைத்து, ஷூவின் மேல்பாகத்தை உருவாக்குகிறார்கள். அதற்கு ‘அப்பர்’ என்று பெயர். ஒரு கை தோலின் விளிம்புகள் நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. மறு கை ஊசியைக் குத்தி, நூலை இழுத்து இறுக்குகிறது. தோல் வளையும் இடத்தில் பிடிக்கும் கை சற்றுத் திரும்பும். அதே நொடியில் தைக்கும் கையும் தன் கோணத்தை மாற்றிக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டே இதைச் செய்கிறார்கள். கைகளைப் பற்றி அவர்கள் நினைப்பதே இல்லை.

தோல் தொழிலில் ஏறக்குறைய எல்லா வேலையும் இப்படித்தான். சொல்யூஷன் தடவி ஓரத்தை மடித்துச் சின்னச் சுத்தியலால் தட்டுகிறவருக்கும், மெஷினில் இரண்டு துண்டுகளை வெவ்வேறு வளைவில் ஊசிக்குக் கீழே செலுத்துகிறவருக்கும் இரண்டு கைகள் வேண்டும். அந்த இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஆளுக்கொரு வேலை செய்து ஒரு பொருளை முடிக்கின்றன.

இதை ஏன் இங்கே எழுதுகிறோம்? பிள்ளைகளின் சிகிச்சைக்கு உதவும் நண்பர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்பதுண்டு. “ஒரு கை சரியாக விளங்காத பிள்ளைக்கு எதற்காக மாதக்கணக்கில் பயிற்சி? ஒரு ஆபரேஷன் செய்து கையைச் சரிப்படுத்தி அனுப்பிவிட முடியாதா?” நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் கையில் இல்லை. மண்டை ஓட்டுக்குள் போய்ப் பார்க்கவேண்டும்.

நம்முடைய பெருமூளை, ஓடு நீக்கிய அக்ரூட் பருப்பைப்போல இரண்டு பாதிகளாக இருக்கிறது. இடது பாதி உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது. வலது பாதி இடப்பக்கத்தை இயக்குகிறது. மூளையிலிருந்து கை கால்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் முக்கியமான நரம்பிழைகளில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு, கழுத்துக்குச் சற்று மேலே முகுளம் என்னும் இடத்தில் பக்கம் மாறிக் கீழே இறங்குகின்றன. தலைக்குள் இடப்பக்கம் இரத்தக்குழாய் அடைத்தால் வலது கையும் காலும் விழுந்துபோவது இதனால்தான். வீட்டில் பெரியவர் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

அப்படியானால் நம் ஆம்பூர்ப் பெண்ணின் விஷயத்தில் ஒரு சிக்கல் வருகிறது. தோலைப் பிடித்திருக்கும் இடக்கைக்கு எஜமான் வலது மூளை. ஊசி பிடித்த வலக்கைக்கு எஜமான் இடது மூளை. ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாவிட்டால் ஊசி விரலில்தான் ஏறும். தருமம் செய்யும்போது ஒரு கை செய்வதை மறு கை அறியக்கூடாது என்ற போதனை நம் எல்லாருக்கும் மனப்பாடம். காணிக்கைப் பெட்டிக்கு அது சரி. தையல் வேலைக்கு ஒத்துவராது!

மூளைக்குள் ஒரு பாலம்

இரண்டு பாதிகளுக்கும் நடுவில் நரம்பிழைகளாலான ஒரு பெரிய பாலம் இருக்கிறது. கார்ப்பஸ் கலோசம் என்பது அதன் மருத்துவப் பெயர். பெரியவர்களுக்கு அது சுமார் 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதில் ஏறக்குறைய 20 கோடி இழைகள் உள்ளன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சொன்னால், ஒரு கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் இருப்பவை சுமார் 10 லட்சம் இழைகள்தான். உலகத்தைப் பார்ப்பதற்குத் தேவைப்படும் இழைகளைவிட, மூளையின் ஒரு பாதி மறுபாதியோடு பேசுவதற்குத் தேவைப்படுபவை பல மடங்கு அதிகம்.

இந்தப் பாலத்தின் முன்பகுதி, திட்டமிடும் இடங்களை இணைக்கிறது. நடுப்பகுதி அசைவுக்கும் தொடு உணர்வுக்குமான இடங்களை இணைக்கிறது. பின்பகுதி பெரும்பாலும் பார்வைக்கு உரியது. இதில் ஆச்சரியமான ஒன்று உண்டு. விரல்களை நேரடியாக அசைக்கும் இடங்களுக்கு நடுவே இணைப்புகள் குறைவு. முதுகு, வயிறு போன்ற நடுவுடலை அசைக்கும் இடங்களுக்கு நடுவேதான் அவை அதிகம். விரல்களுக்கான பேச்சு பெரும்பாலும் ஒரு படி மேலே, எந்தக் கை எதை எப்போது செய்யவேண்டும் என்று ஏற்பாடு செய்யும் பகுதிகளின் வழியாக நடக்கிறது. ஷூ கம்பெனியில் இரண்டு லைனில் மெஷின் ஓட்டும் பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பதில்லை. இரண்டு சூப்பர்வைசர்கள் பேசி வேலையைப் பங்கிடுகிறார்கள் அல்லவா, ஏறக்குறைய அதைப்போல.

பாலத்தைக் கடந்து போகும் செய்திகளில் பாதி வேலை அடக்கி வைப்பதுதான் என்று சொன்னாலும் மிகையாகாது. வலக்கை ஊசியை இழுக்கும்போது இடக்கையும் சேர்ந்து இழுத்துவிடக்கூடாது. ஆகவே ஒரு பாதி மறுபாதிக்கு, “நீ இப்போது சும்மா இரு” என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். சிறு பிள்ளைகளிடம் இந்த அடக்கம் இன்னும் முழுமையாக வந்திருக்காது. உங்கள் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை இருந்தால், வலக்கை விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலைத் தொடும்படி சொல்லிப் பாருங்கள். இடக்கை விரல்களும் கூடவே துடிப்பதைக் காணலாம். ஏறக்குறைய பத்து வயதுக்குள் இது பெரும்பாலும் மறைந்துவிடும். பாலத்து இழைகள் ஒவ்வொன்றின்மேலும் கொழுப்பு உறை படிந்தால்தான் செய்தி விரைவாகப் போகும். அந்த உறை வளர்ந்து முதிர வருஷங்கள் ஆகின்றன. வாலிப வயதிலும் அது நடந்துகொண்டிருக்கிறது.

பெரியவர்களாகிய நாமும் ஒரு சோதனை செய்யலாம். இரண்டு கைகளிலும் பென்சில் பிடித்து, வலக்கையால் வட்டமும் இடக்கையால் நேர்க்கோடும் ஒரே நேரத்தில் வரைந்து பாருங்கள். வட்டம் நசுங்கும், கோடு வளையும். ஒரு கைக்கான திட்டம் பாலத்தைக் கடந்து மறு கையின் திட்டத்தில் கலந்துவிடுகிறது.

அது கடந்துதான் போகிறது என்று எப்படித் தெரியும்? பாலம் துண்டிக்கப்பட்ட மனிதர்கள் நமக்குச் சொல்லித் தந்தார்கள். மருந்துக்கு அடங்காத வலிப்பு, மூளையின் ஒரு பாதியில் தொடங்கி மறுபாதிக்கு இந்தப் பாலத்தின் வழியாகப் பரவுகிறது. ஆகவே பாலத்தை வெட்டிவிட்டால் நோயாளி தப்புவார் என்று எண்ணி, 1939-ம் ஆண்டு அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரில் வில்லியம் வான் வாகெனன் என்ற டாக்டர் இந்த ஆபரேஷனைத் தொடங்கினார். 1960-களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் மீண்டும் அது செய்யப்பட்டது. அந்த நோயாளிகளைப் பொறுமையாக ஆராய்ந்த ரோஜர் ஸ்பெர்ரி 1981-ல் நோபல் பரிசு பெற்றார்.

அவர்களில் சிலருக்கு ஆபரேஷன் முடிந்த முதல் வாரங்களில் விசித்திரமான தொல்லை இருந்தது. ஒரு கை சட்டைப் பொத்தானைப் போடும். மறு கை அதைக் கழற்றும். பெரும்பாலும் நாளடைவில் இது தணிந்துவிட்டது. பிறகு பார்த்தால் நடந்தார்கள், சாப்பிட்டார்கள், பேசினார்கள். வெளியே பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. 1996-ல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிப் பாலம் வெட்டப்பட்டவர்களை இரண்டு கைகளாலும் வெவ்வேறு வடிவங்களை ஒரே நேரத்தில் வரையச் சொன்னார்கள். நாம் தடுமாறும் இடத்தில் அவர்கள் தடுமாறவில்லை. ஒரு கையின் வடிவம் மறு கையைக் கெடுக்கவே இல்லை.

அப்படியானால் பாலம் இல்லாதிருப்பதே நல்லது போலிருக்கிறதே என்று தோன்றும். ஆனால் வேறொரு சோதனையில் நிலைமை தலைகீழானது. ஒரு கருவியில் இரண்டு திருகுகள். ஒன்றைத் திருகினால் கோடு மேலும் கீழும் போகும், மற்றதைத் திருகினால் பக்கவாட்டில் போகும். சாய்வான கோடு போடவேண்டுமானால் இரண்டு கைகளும் வெவ்வேறு வேகத்தில், ஆனால் ஒத்துத் திருகவேண்டும். 1972-ல் வெளியான ஆய்வு இது. பாலத்தின் முன்பகுதி வெட்டப்பட்டவர்கள் இதைக் கற்கவே சிரமப்பட்டார்கள். கண்ணால் பார்த்துப் பார்த்து மெதுவாகச் செய்தார்கள். கோட்டைப் பார்க்கவிடாமல் மறைத்தவுடன் வேலை குலைந்தது. மறு கை என்ன செய்கிறது என்ற செய்தி உள்ளே வரவில்லை. கண் வழியாக வெளியே போய்த் திரும்பி வரவேண்டியிருந்தது.

இன்னொன்றையும் கவனித்தார்கள். ஷூ லேஸ் கட்டுவதுபோல ஆபரேஷனுக்கு முன்பே நன்றாகப் பழகியிருந்த வேலைகள் பெரும்பாலும் நிலைத்தன. புதிதாக இரண்டு கை வேலை ஒன்றைக் கற்பதுதான் கடினமாயிற்று. கைகள் தாளம் தவறாமல் சேர்ந்து அசைவதற்குச் சிறுமூளையும் மூளையின் கீழ்ப்பகுதிகளும் உதவி செய்கின்றன. ஆனால் இதுவரை செய்யாத ஒரு வேலையை இரண்டு கைகளும் பங்குபோட்டுக் கற்கும்போது அந்தப் பாலம் கட்டாயம் வேண்டும். குழந்தைப் பருவத்தில் செய்யும் எல்லாமே இதுவரை செய்யாத வேலைதான்!

வேலூரும் இந்த வரலாறும்

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று எண்ணவேண்டாம். டாக்டர் ஜேக்கப் சாண்டி கனடாவில் மான்ட்ரியால் நகரில் புகழ்பெற்ற வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் அப்படி ஒரு பிரிவு அதுவே முதலாவது. வலிப்பு நோய்க்காக மூளையில் செய்யப்பட்ட இந்தியாவின் முதல் ஆபரேஷனும் 1952 ஆகஸ்டில் அவர் கையால் அங்கேதான் நடந்தது. அந்த நோயாளி, குழந்தைப் பருவத்திலேயே வலப்பக்கம் விளங்காமற்போன 19 வயது வாலிபர். பாலத்தை வெட்டும் ஆபரேஷன் இன்றும் அபூர்வமாகச் செய்யப்படுகிறது. திடீரென்று பொத்தென விழுந்து மண்டையை உடைத்துக்கொள்ளும் வகை வலிப்புக்கு, வேறு வழி இல்லாதபோது, பெரும்பாலும் பாலத்தின் முன்பகுதியில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் வெட்டுகிறார்கள்.

வேலூருக்கு இன்னொரு பங்கும் உண்டு. 1940-களின் கடைசியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களுக்கு, கையில் நல்ல நிலையில் இருந்த வேறொரு தசையின் நாணை எடுத்து இடம் மாற்றிப் பொருத்தி, விரல்களை நிமிர்த்தினார். கத்தி வேலை ஒரு நாளில் முடிந்துவிடும். அதற்குப் பின்தான் உண்மையான வேலை தொடங்கியது. இதுவரை ஒரு காரியத்துக்குப் பழகியிருந்த தசை இப்போது வேறு காரியம் செய்யவேண்டும். அதை மூளை கற்றுக்கொள்ளவேண்டும். வாரக்கணக்கில் பயிற்சி இல்லாமல் அந்த ஆபரேஷனுக்குப் பலன் இல்லை. அவரிடம் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ், விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பின்னும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே கை ஆபரேஷன்கள் செய்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவானது அவருடைய உழைப்பால். பயிற்சி என்பது ஆபரேஷனுக்குப் பின் ஒட்டவைக்கும் வால் அல்ல என்பதை இந்த வட்டாரத்து ஆஸ்பத்திரிகள் அந்தக் காலத்திலேயே கற்றுக்கொண்டன.

பிள்ளைகளிடம் திரும்புவோம்

ஒரு பக்கக் கையும் காலும் இறுகியோ பலவீனமாகவோ இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு, பிறப்பதற்கு முன்போ பிறந்த சமயத்திலோ மூளையின் ஒரு பாதியில் இரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கும். சிலருக்கு மூளைக் காய்ச்சலுக்குப் பின் வரும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் மூளையின் நடுவில் உள்ள நீர் அறைகளைச் சுற்றியுள்ள வெண்பகுதி சேதமாவதுண்டு. கட்டளை இழைகளும் பாலத்து இழைகளும் அந்த வழியாகத்தான் போகின்றன. ஆகவே ஒரே அடியில் கைக்குப் போகும் வழியும் பாதிக்கப்படலாம், கைகளுக்கு நடுவே உள்ள பேச்சும் பாதிக்கப்படலாம்.

சில பிள்ளைகளில் நல்ல பாதி மூளையே இரண்டு கைகளையும் ஆளத் தொடங்கிவிடுகிறது. அது ஒரு விதத்தில் ஆறுதல்தான். ஆனால் அந்தப் பிள்ளை நல்ல கையை மூடினால் மறு கையும் மூடிக்கொள்ளும். ஒரு கையால் டப்பாவைப் பிடித்து மறு கையால் மூடியைத் திருகுவது அவனுக்குப் பெரும்பாடு. அந்தக் கைக்குப் பலம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

தாய்மாரிடம் நாம் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. நண்பர்களே, உங்கள் சபையிலும் தெருவிலும் நீங்களும் இதைச் சொல்லலாம். ஒரு வயது நிறையாத குழந்தை எப்போதும் ஒரே கையை மட்டும் நீட்டி, மற்றக் கையை மடக்கியே வைத்திருந்தால் அது பழக்கம் அல்ல. அந்த வயதில் ஆரோக்கியமான குழந்தைக்கு இரண்டு கையும் ஒன்றுபோலத்தான். வலக்கைப் பழக்கமோ இடக்கைப் பழக்கமோ தெளிவாகத் தெரிவது அதற்குப் பிறகு. “விடும்மா, இவங்க தாத்தாவும் இடக்கைக்காரர்தான்” என்று பாட்டி சொல்லிவிடுகிறார். பிள்ளை நடக்கத் தாமதமாகும்போதுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். மூளை மிக விரைவாகக் கற்கும் மாதங்கள் அதற்குள் கடந்துபோயிருக்கும்.

வலக்கை பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு நம் ஊரில் இன்னொரு பாரமும் உண்டு. சாப்பிடுவது சோற்றாங்கையால், கால் கழுவுவது பீச்சாங்கையால். இடக்கையால் சோறு எடுத்தால் பந்தியில் பார்க்கிறார்கள். இடக்கையால் பணம் நீட்டினால் கடைக்காரர் முகம் சுளிக்கிறார். இதற்குப் பயந்து சில வீடுகளில் தாய் பத்து வயது வரையிலும் தானே ஊட்டிவிடுகிறார். அன்பினால் செய்வதுதான். ஆனால் அந்தப் பிள்ளையின் இரண்டு கைகளுக்கும் அன்றைய தினம் வேலை இல்லாமற்போகிறது.

இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு வகைப் பயிற்சிகள் உலகெங்கும் கையாளப்படுகின்றன. ஒன்று, நல்ல கையைச் சில மணி நேரம் உறையிட்டோ கட்டியோ வைத்து, பலவீனமான கையை வேலை செய்ய வைப்பது. மற்றொன்று, இரண்டு கைகளும் சேர்ந்து செய்தாக வேண்டிய வேலைகளையே விளையாட்டாகக் கொடுப்பது. இரண்டாவது முறையை 2000-க்குப் பிறகு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒழுங்குபடுத்தினார்கள். அங்கே பிள்ளைகள் இரண்டு மூன்று வாரங்களில் 60 முதல் 90 மணி நேரம் பயிற்சி செய்தார்கள். இரண்டு முறைகளையும் ஒரே அளவு நேரம் செய்தால் பலன் ஏறக்குறைய சமம் என்று கண்டார்கள். மணிக்கணக்குதான் முக்கியம் என்று இதிலிருந்து தெரிகிறது. ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். இதைக் கேள்விப்பட்டு வீட்டில் பிள்ளையின் நல்ல கையை நாள் முழுவதும் கட்டிப்போடுகிற பெற்றோர் உண்டு. தெரபிஸ்ட் சொல்லாமல் அப்படிச் செய்யக்கூடாது. பிள்ளை மிரண்டுபோகும், கீழே விழும், நல்ல கையின் வளர்ச்சியும் கெடும்.

இரண்டு கைப் பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. வேர்க்கடலை உடைப்பது, டிபன் பாக்ஸைத் திறப்பது, பந்து பிடிப்பது, துணியை முறுக்கிப் பிழிவது, பூத்தொடுக்கும் அம்மாவுக்கு நாரைப் பிடித்துக்கொடுப்பது, இவையெல்லாம் நம் வீட்டிலேயே இருக்கின்றன. வேலை சிறிது கடினமாக இருக்கவேண்டும். ஆனால் பிள்ளை செய்து முடிக்கக் கூடியதாகவும் இருக்கவேண்டும். தெரபிஸ்டின் திறமை அந்த அளவைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. ஷூ கம்பெனிக்குப் போகும் தாய் மாலையில் களைத்து வந்து இதற்கு உட்காரவேண்டும். நம்முடைய பயிற்சித் திட்டங்களில் கடினமான பகுதி அதுதான் என்று நினைக்கிறோம்.

பழக்கம் பாலத்தையே மாற்றுமா? 1995-ல் ஜெர்மனியில் இசைக் கலைஞர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். ஏழு வயதுக்கு முன்பே வாசிக்கத் தொடங்கியவர்களுக்குப் பாலத்தின் முன்பாதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. நம் சபைகளில் ஆர்கன் வாசிக்கிறவரின் இரண்டு கைகளையும் ஞாயிற்றுக்கிழமை கவனித்துப் பாருங்கள். அவருடைய பாலத்தில் எத்தனை போக்குவரத்து! சேதமடைந்த மூளையில் இதே அளவு மாற்றத்தை எதிர்பார்க்கக்கூடாது. இறந்துபோன பகுதி மறுபடி வளராது. மிச்சமிருக்கும் இழைகளைக் கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதே கேள்வி, அது பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும்.

முன்னேற்றத்தை எப்படி அளக்கிறோம் என்று கேட்பவர்களுக்காக ஒன்று. ஸ்வீடன் நாட்டில் உருவாக்கிய சோதனை ஒன்று இப்போது பல நாடுகளில் வழங்குகிறது. அதில் பலவீனமான கையால் எத்தனை கிலோ தூக்க முடியும் என்று பார்ப்பதில்லை. பிள்ளைக்கு இரண்டு கை தேவைப்படும் விளையாட்டுச் சாமான்களைக் கொடுத்து, விளையாடுவதை வீடியோ எடுத்து, அந்தக் கை எத்தனை தரம் தானாக உதவிக்கு வருகிறது, பொருளை எப்படிப் பிடித்துக்கொள்கிறது, எப்போது விட்டுவிடுகிறது என்று மதிப்பெண் போடுகிறார்கள். பலவீனமான கை ஒருவேளை பேனா பிடிக்காமலே போகலாம். நோட்டுப் புத்தகம் நழுவாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டால், பொத்தான் போடும்போது சட்டையின் ஓரத்தை இழுத்துக்கொடுத்தால், அதற்கும் அங்கே மதிப்பெண் உண்டு.